அமைதி நாள் கொண்டாடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஐ.நா.வின் உலக அமைதி நாள் செப்டம்பர் 21. அந்த மாதம் நெருங்கினால் போதும், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து இளைஞர் மன்றங்களுக்கு உலக அமைதிமேல் திடீர்ப் பாசம் பிறந்துவிடும். இந்த ஆண்டும் ஆலோசனை கேட்டு வந்தார்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால், நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்துக் கூத்து அப்படியே இருக்கிறது. பேனரில் எழுத்துப்பிழை, வேலை செய்யாத மைக் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

புறா பறக்கவிடுவது

வேண்டாம். கூண்டில் வளர்ந்த வெள்ளைப் புறாவுக்கு வழி தெரியாது. பருந்துக்குத் தெரியும்.

அட்டை அடித்த பிறகு அக்கம்பக்கத்தாரை அழைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். முதலில் நம் ஆட்கள் மட்டும் கூடிப் பேசுவார்கள். கோயில் மண்டபம், கோயில் சமையல்கட்டு, மாலை ஏழு மணி, பரதநாட்டியம் என்று எல்லாம் முடிவாகி அட்டையும் அடித்தாகிவிடும். அப்போதுதான் ஒருவருக்கு, “மூன்று இனமும் இருந்தால் நன்றாயிருக்குமே” என்று ஞாபகம் வரும். உடனே முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடமான சூராவுக்கு ஓர் அட்டை, சீனர் கோயிலுக்கு ஓர் அட்டை. வந்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பெரியவர், பாக் சிக் ஒருவர் வந்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இங்கே மஃரிப் எனும் மாலைத் தொழுகை ஏழேகால் வாக்கில். குத்துவிளக்கு ஏற்றும்போது பாங்கு சொல்கிறார்கள். ஸ்பீக்கரைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மனுஷன் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்பாடு. புரட்டாசி என்பதால் சைவம். “சைவம்தானே, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்று ஏற்பாட்டாளருக்கு ஒரே பெருமை. ஆனால் அது சாமிக்குப் படைத்த சோறு. அதை ஒரு முஸ்லிம் எப்படிச் சாப்பிடுவார்? தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு வாய் குடித்தார், சிரித்த முகத்தோடு விடைபெற்றார். மறு வருஷமும் அட்டை போனது, அவர் வரவில்லை. “அவங்க கலந்துக்கவே மாட்டாங்க” என்று நம் ஆட்கள் பேசிக்கொண்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதனால், தேதி குறிக்கும் முன்பே மூன்று தரப்பிலிருந்தும் ஆளைக் கூப்பிட்டு ஒரு தே தாரிக்கோடு உட்காருங்கள். இடம், நேரம், சாப்பாடு மூன்றையும் அங்கேயே பேசுங்கள். பாலாய் ராயா என்கிற பொது மண்டபத்தில் வைத்து அங்கேயே சமைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பன்றியும் மாடும் அடுப்பங்கரைக்கே வரக்கூடாது. கோழி என்றால் ஹலால் கோழி. சீனர்களில் பலர் அவர்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சி என்றால் இஷா எனும் இரவுத் தொழுகை முடிந்து எட்டே முக்காலுக்குத் தொடங்குங்கள். எனக்குக் காலை நேர கோத்தோங் ரோயோங், அதாவது ஊர்கூடிச் செய்யும் வேலைதான் பிடிக்கும். சேர்ந்து கால்வாய் வெட்டிவிட்டு நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கும்போது யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் தாமானின் (குடியிருப்பின்) அக்கம்பக்கக் குழுவான ருக்குன் தெத்தாங்காவைப் பிடியுங்கள். 1975 முதல் இருக்கிற ஏற்பாடு அது.

ஒய்.பி. (நம் மக்கள் பிரதிநிதி) வரும்வரை காத்திருப்பது

பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஆரம்பித்துவிடுங்கள்.

ஹிரோஷிமாவோடு நிறுத்திக்கொள்வது

பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிக்கட்டும். ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பி, நோயில் கொக்கு மடித்துக்கொண்டிருந்து, 1955இல் புற்றுநோயால் இறந்த சிறுமி சடாக்கோ சசாக்கியின் கதையையும் சொல்லுங்கள். ஆனால் 1948 ஜூன் 16 அன்று, இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்து 1960 வரை நீடித்தது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கும் முன்பு, 1942-43இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் சயாம் மரண ரயில் போட அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கேயே மாண்டார்கள். அப்பாவையோ தாத்தாவையோ அதில் பறிகொடுத்த குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

அதற்காகப் பாட்டியை மேடையேற்றி மைக்கை நீட்டாதீர்கள். “எல்லாருக்கும் வணக்கம்” என்பதோடு முடிந்துவிடும். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசி சும்மா பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருக்கட்டும்.

போலீசுக்குச் சொல்லாமல் ஊர்வலம்

அமைதி ஊர்வலமும் ஊர்வலம்தான். முன்கூட்டியே தெரிவியுங்கள்.

21ஆம் தேதியைக் கட்டிக்கொண்டு அழுவது

இந்த நாளை ஐ.நா. 1981இல் அறிவித்தபோது அது செப்டம்பரின் மூன்றாம் செவ்வாய். 21 என்று நிலையாக்கி, போர்நிறுத்த நாளாகவும் ஆக்கியது 2001இல்தான். ஐ.நா.வே மாற்றிய தேதி. பலர் நண்பகலில் ஒரு நிமிட மௌனம் அனுசரிப்பார்கள். அந்த நேரத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் காட்டில் இருப்பார். பள்ளியில் காலைச் சபைகூடலில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை வார இறுதிக்குத் தள்ளுங்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டியவரை வேலை நாள் இரவு பத்து மணி வரை நாற்காலியில் உட்காரவைத்தால், உங்கள் அமைதி உரைக்கு அவர் குறட்டைதான் விடுவார்.