ஏலக்காட்டில் கால் முறிந்தால், பாம்பு கடித்தால்: அசையாமல் கட்டும் முறை

கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து ஜீப் ஏறி வண்டன்மேடு, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மழைக்காலத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. சரிவில் வழுக்கியோ நிழல்மரக் கவாத்தின்போதோ விழுந்து எலும்பு முறிவது ஒன்று, பாம்புக்கடி மற்றொன்று. இரண்டிலும் ஆஸ்பத்திரி சேரும்வரை அந்தக் கை கால் அசையக்கூடாது. முறிந்த எலும்பின் முனை அசைந்தால் ரத்தக்குழாயையும் நரம்பையும் கிழிக்கும். கடிபட்ட காலை அசைத்தால் தசை சுருங்கி விரிந்து, நிணநீர் வழியாக விஷத்தை மேலே தள்ளும்.

இறுக்கிக் கட்டினால் அசையாது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். இறுக்கம் ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்தும். அசைவை நிறுத்துவது, கட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பது.

எந்தத் திடப்பொருளும் ஆறு விதமாக அசையும்: மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் திரும்பும். தப்பையை, அதாவது அசையாமலிருக்கக் காலோடு சேர்த்துக் கட்டும் பட்டையை, ஒரே இடத்தில் கட்டினால் அந்த முடிச்சைச் சுற்றி ஆடும். இரண்டு இடத்தில் கட்டினால் நிற்கும். இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு உறுதி. அதனால் முறிவுக்குப் பக்கத்திலேயே நாலு முடிச்சு போடுவதைவிட, அதற்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் தப்பைக்குள் அடக்குவது பலன் தரும். அப்படியும் ஒரு அசைவு மிஞ்சும்: பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து திரும்புவது. அது திரும்பினால் முறிந்த எலும்பும் கூடவே முறுக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பாதத்தையும் சேர்த்துக் கட்டாத கட்டு அரைக்கட்டு.

முழங்காலுக்குக் கீழே முறிவு என்றால், பிளந்த மூங்கில் தப்பை இரண்டு எடுங்கள். நடுத்தொடையிலிருந்து குதிகாலைத் தாண்டி நாலு விரற்கடை நீளம் வேண்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய மூன்றடி. கணுக்களைச் செதுக்கிவிடுங்கள். துண்டையோ பழைய வேட்டியையோ நாலு அங்குல அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறும் சணலும் சதையை அறுக்கும், வேண்டாம். கொலுசு, மெட்டியை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

ஒருவர் பாதத்தை இரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டி முடியும்வரை விடக்கூடாது. ஒரு தப்பை உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். முழங்கால், கணுக்கால் எலும்பு புடைத்த இடங்களில் துணியை மடித்து வையுங்கள். முழங்காலுக்குப் பின்னாலும் குதிகாலுக்கு மேலும் உள்ள பள்ளம் வழியாகத் துணியை நுழைத்தால் காலைத் தூக்க வேண்டியிருக்காது. முதலில் பாதத்தையும் கணுக்காலையும் எட்டு வடிவில் கட்டுங்கள். பிறகு தொடை. அடுத்து முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. முறிவின் மேல் கட்டு விழக்கூடாது. முடிச்சு தப்பையின் மேல் வரட்டும். மூங்கில் கிடைக்காவிட்டால் இரு கால்களுக்கும் இடையே சாக்கை மடித்து வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம்.

தொடை எலும்பு என்றால் வெளிப்பக்கத் தப்பை அக்குளிலிருந்து பாதம் தாண்டி நீள வேண்டும். தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம் என்பதால், கட்டியதும் தாமதிக்காமல் கிளம்புங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். மரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்து, முதுகு வலித்தாலோ கை கால் மரத்திருந்தாலோ தலையை இரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, குறைந்தது நாலு பேர் சேர்ந்து உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் புரட்ட வேண்டும்.

கட்டுமுன் ஒருமுறை, கட்டியதும் ஒருமுறை, பிறகு கால் மணிக்கு ஒருமுறை கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் சில்லிட்டு மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள், தப்பையை எடுக்காதீர்கள். முதலில் சரியாக இருந்த கட்டும் வீக்கம் ஏறினால் இறுகும். விரலை மெல்ல நீட்டினாலே கெண்டைக்காலில் உயிர் போகிற வலி என்றால் தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஜீப் நிற்கும் இடம்வரை தூக்கிப் போக, எட்டடி மூங்கில் இரண்டு, அடிமூலை வெட்டிய மூன்று சாக்கு போதும். வெட்டிய மூலைகள் வழியாக மூங்கில்களை நுழைத்து, இரு முனையிலும் இரண்டடிக் குறுக்குச்சட்டம் வையுங்கள். வெறும் நாலு மூலை முடிச்சோடு விட்டால் சரிவில் அந்தச் செவ்வகம் இணைகரமாகச் சாய்ந்து சுருங்கும். நாலு பக்கம் நிலையாக இருந்தாலும் கோணம் மாறும். முக்கோணத்தில் மூன்று பக்கமும் நிலையானால் கோணம் மாறாது. ஆகவே தலைப்பக்கம் ஒரு மூலை, கால்பக்கம் ஒரு மூலையில் ஒன்றரை அடிக் குச்சியைச் சாய்வாகக் கட்டி முக்கோணமாக்குங்கள். இறக்கத்தில் கால் முன்னே, தலை மேட்டுப்பக்கம். ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் உடம்பு பக்கவாட்டில் தள்ளும். இடுப்பையும் தொடையையும் மூங்கிலோடு கட்டிவிடுங்கள்.

பாம்புக்கடிக்கும் இதே தப்பைதான். ஆனால் துணி சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் 1979 முதல் பரவிய அழுத்தக் கட்டு அங்குள்ள பாம்புகளுக்காக வந்தது. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிப்பதால் இங்கே அது கேடு. மேலே கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், ஆஸ்பத்திரியில் அவிழ்ப்பார்கள். கடிபட்டவரை ஒரு அடிகூட நடக்கவிடாதீர்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதுங்கள்.

இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆனது. ஏலக்காட்டில் இருக்கும் கூம்புமூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதன் கடி ரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். எது கடித்தாலும் ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போங்கள். தேனி மருத்துவக் கல்லூரியா, இடுக்கி மருத்துவக் கல்லூரியா என்பதை நிற்கிற இடத்திலிருந்து எது சீக்கிரம் என்று பார்த்து முடிவெடுங்கள். இரு மாநிலத்திலும் ஆம்புலன்ஸுக்கு 108தான். விழுந்த அல்லது கடித்த நேரம், கட்டிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வையுங்கள்.