செம் லீவுல வீட்டுக்கு வந்தா சிஎஸ்டி தொறக்கலையா? இப்படி பண்ணுங்க

சிஎஸ்டின்னா கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரக்சுரல் டேட்டாபேஸ், கிறிஸ்டல் ஸ்ட்ரக்சர், அதாவது படிகத்துக்குள்ள அணுக்கள் அடுக்கியிருக்கிற விதத்த, சேத்து வச்சிருக்கிற டேட்டாபேஸ். செம் லீவுக்கு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்துட்டு "அக்கா, லைசன்ஸ் கேக்குது"ன்னு வாட்ஸ்அப் பண்ற பிள்ளைங்களுக்கு மொத கேள்வி, உங்களுக்கு ஒரே ஒரு கிறிஸ்டல் ஸ்ட்ரக்சர் வேணுமா இல்ல மொத்த டேட்டாபேஸையும் அலசணுமா? பாதி பேருக்கு ஒண்ணுதான் வேணும், அதுக்கு காசே வேணாம்.

சிஎஸ்டிய நடத்துற, கேம்பிரிட்ஜ்ல இருக்கிற சிசிடிசியும் ஜெர்மனி ஃபிஸ் கார்ல்ஸ்ரூவும் 2018-லேர்ந்து சேந்து நடத்துற அக்சஸ் ஸ்ட்ரக்சர்ஸ்னு ஒரு சர்வீஸ் இருக்கு, ஆராய்ச்சி பேப்பர்ல குடுத்திருக்கிற டெபாசிஷன் நம்பரோ (ஸ்ட்ரக்சர ஒப்படைச்சப்ப குடுத்த நம்பர்) டிஓஐயோ (பேப்பரோட அடையாள எண்) போட்டா சிஃப் ஃபைல், அதாவது அந்த ஸ்ட்ரக்சரோட டேட்டா ஃபைல், ப்ரீயா இறங்கிடும், இன்ஆர்கானிக்கும் அதுலயே கிடைக்கும். பேரு தெரிஞ்சாலும் போதும். பனடோல்ல இருக்கிற பாரசிட்டமோல தேடிப் பாருங்க, எச்எக்ஸ்ஏசிஏஎன்னு தொடங்குற ரெஃப்கோட் (ஒவ்வொரு என்ட்ரிக்கும் சிஎஸ்டி குடுக்கிற குறியீடு) வரிசையா வரும், பின்னாடி நம்பர் மட்டும் மாறும். அவசரத்துல மேல இருக்கிறத அப்படியே எடுத்துடாதீங்க லா, ஒரே மருந்துக்கு வேற வேற கிறிஸ்டல் வகை இருக்கு, மாத்திரையில இருக்கிறது மோனோகிளினிக், ஆர்த்தோராம்பிக் ஒண்ணும் இருக்கு, ஸ்பேஸ் குரூப்ப (கிறிஸ்டலோட சமச்சீர் வகைய) பாத்துட்டு எடுங்க. ஃபைல தொறக்க சிசிடிசியோட மெர்குரி சாஃப்ட்வேரோட ப்ரீ வெர்ஷன் போதும், சில வசதி பூட்டியிருக்கும் அவ்ளோதான்.

அலசணும், பாண்ட் லெங்க்த் (அணுக்களுக்கு நடுவுல உள்ள பிணைப்போட நீளம்) புள்ளிவிவரம் எடுக்கணும்னா லைசன்ஸ் வேணும். சிஎஸ்டில 13 லட்சத்துக்கு மேல ஸ்ட்ரக்சர் இருக்கு, அத தனி ஆளா வாங்க நெனைக்காதீங்க, யூனிதான் வாங்கும். லைப்ரரில கேளுங்க, இல்லன்னா லேப் சீனியர்கிட்ட, ஆக்டிவேஷன் கீ அவங்ககிட்டதான் இருக்கும். இத பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, ஏன்னா டவுன்லோடே பல ஜிபி, கோயில் பக்கத்துல நின்னாதான் ரெண்டு கோடு லைன் வர்ற எடத்துல ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குறது நடக்காத கதை. கேம்பஸ் வைஃபைல இறக்கி ஆக்டிவேட்டும் பண்ணிட்டா சிஎஸ்டியோட தேடுற சாஃப்ட்வேர் கான்குவெஸ்ட்ல தேடுறது லேப்டாப்லயே நடக்கும். பிரவுசர்ல வெப்சிஎஸ்டி (சிஎஸ்டியோட ஆன்லைன் வடிவம்) பாக்குறவங்க யூனி விபிஎன் ஆன் பண்ணிட்டு தொறந்து பாருங்க, அது பெரும்பாலும் எந்த நெட்வொர்க்லேர்ந்து வர்றீங்கன்னுதான் பாக்கும்.

கீய குரூப்ல போடாதீங்க. ஈப்போ ஃபேக்டரில வேல பாக்குற மச்சானுக்கும் குடுக்காதீங்க, அகடமிக் லைசன்ஸ் கம்பெனி வேலைக்கு செல்லாது, பிரச்சனைன்னு வந்தா மாட்டுறது உங்க யூனி.

யூனில லைசன்ஸே இல்லையா? சிஓடின்னு எல்லாருக்கும் தொறந்த ப்ரீ கிறிஸ்டல் டேட்டாபேஸ் இருக்கு, 2003-லேர்ந்து ஓடுது, 5 லட்சத்துக்கு மேல என்ட்ரி, மொத்தமா இறக்கி மெஷின் லேர்னிங்குக்கு போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. சிஎஸ்டி டேட்டாவ அப்படி மொத்தமா எடுத்து வேற எடத்துல ஏத்துறது கூடாது. புரோட்டீன் ஸ்ட்ரக்சர்னா பிடிபி (புரோட்டீன் டேட்டா பேங்க்), 1971-லேர்ந்து இருக்கு, அதுவும் ப்ரீ. காசு கம்மியான நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு சிசிடிசி ஃபேர்னு உதவித் திட்டம் வச்சிருக்கு, நமக்கு பொருந்துமான்னு சூப்பர்வைசர விட்டு கேக்கச் சொல்லுங்க.

லைப்ரரிக்கு மெயில் போடும்போது மெட்ரிக் நம்பர், டிபார்ட்மென்ட், எதுக்கு வேணும்னு ஒரு வரி, சூப்பர்வைசருக்கு சிசி. வெள்ளிக்கிழம மத்தியானம் மட்டும் அனுப்பாதீங்க, திங்கக்கிழம வரைக்கும் பதில் வராது.