திரெட்டைக் கொல்லாமல் நிறுத்தியது எப்படி: என் அனுபவம்

லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோக, திரெட்டுகளை (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) கையாளும் பிதிரெட் அழைப்புகளுக்கு நானே ஒரு சின்ன இணக்க அடுக்கு, அதாவது அவற்றை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றும் இடைநிரல், எழுதினேன். ஒரு திரெட்டை ரத்து செய்யச் சொல்லும் ‘பிதிரெட்_கேன்சல்’ வந்தால், அதை உடனே கொல்லும் விண்டோஸின் ‘டெர்மினேட்திரெட்’டை நேராக அழைத்துவிட்டேன். வேலை செய்தது. ஆனால் அவ்வப்போது மொத்த நிரலும் அப்படியே உறைந்துவிடும்.

பிழை தேடும் கருவியான டீபக்கரை இணைத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த திரெட்டுகள் எல்லாம் நினைவகம் கேட்டு வாங்கும் ‘மேலாக்’ உள்ளேயே காத்துக் கிடந்தன. நான் கொன்ற திரெட், நினைவகம் கேட்டுக்கொண்டிருந்த நொடியில் செத்திருக்கிறது. அந்த நினைவகப் பகுதியான ஹீப்பின் பூட்டு அதன் கையிலேயே போய்விட்டது, திறக்க ஆளில்லை.

பிதிரெட்டை வரையறுக்கும் போசிக்ஸ் தரத்தின் முறையே வேறு. இயல்பாக ரத்துக் கோரிக்கை காத்திருக்கும். ரீட், ஸ்லீப் போன்ற ரத்துப் புள்ளிக்கு வந்ததும் திரெட் தானாக விலகும். அதனால் ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு ஈவென்ட் (விண்டோஸில் சமிக்ஞை தரும் பொருள்) கொடுத்தேன். கேன்சல் என்றால் அதை எழுப்புவது மட்டும்தான். காத்திருக்கும் இடங்களிலெல்லாம் ‘வெயிட்ஃபார்மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ்’ மூலம் திரெட் உண்மையில் எதற்காகக் காத்திருக்கிறதோ அதன் ஹேண்டிலையும் (அடையாளக் குறியையும்) இந்த ஈவென்டையும் சேர்த்தே கவனித்தேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், ஒரு நிபந்தனை நிறைவேறக் காத்திருக்கும் ‘காண்ட்_வெயிட்’டில் மறுபடி தொங்கியது. அங்கே ரத்தானால், மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் பூட்டை) திரும்பப் பூட்டிய பிறகுதான், திரெட் விலகும் முன் ஓட நாம் பதிந்த துப்புரவுச் செயல்கள் ஓடும். அதைத் திறக்கும் செயலை நான் பதியவே இல்லை! துப்புரவுச் செயலைப் பதியும் ‘கிளீனப்_புஷ்’, அதை நீக்கும் ‘கிளீனப்_பாப்’ ஜோடியைச் சேர்த்தேன். அப்புறம் ஒரு முறைகூட உறையவில்லை.