ஊர் முதலில், பாலி பிறகு: எரிமலைச் சாம்பலை மனதில் வைத்து லீவு போடுவது எப்படி

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவும் போடும் கணக்கு ஒன்றுதான். முதலில் நாலைந்து நாள் பாலி. திரும்பி வந்து ஒரு ராத்திரி வீட்டில் தூங்கி, துணிகளைத் துவைத்து, மறுநாள் திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம். பிள்ளைகளுக்குக் கடல், பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள். வரிசையை மட்டும் மாற்றுங்கள்: ஊருக்கு முதலில் போய்விடுங்கள், பாலியைக் கடைசியில் வையுங்கள்.

காரணம், பாலிக்குக் கிழக்கே ஃபுளோரஸ் தீவிலிருக்கும் லெவொதோபி லக்கி-லக்கி எரிமலை. 2024 நவம்பரில் அது வெடித்தது, 2025 ஜூனிலும் ஜூலையிலும் மறுபடி வெடித்தது. மூன்று தடவையும் பாலிக்கான விமானங்கள் வரிசையாக ரத்தாயின. அதற்கு முன் 2017 நவம்பரில் பாலித் தீவின் சொந்த எரிமலையான அகுங் பொங்கியபோது, பாலியின் டென்பசார் விமான நிலையத்தையே இரண்டு நாளுக்கு மேல் மூடி வைத்திருந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அந்தமான் கடலில் ‘பேரன்’ (Barren) என்ற தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. அதன் வெடிப்புகள் பெரும்பாலும் சிறியவை. ஆனால் வட இந்தியாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குபி எரிமலை வெடித்தபோது, அந்தச் சாம்பல் செங்கடல் தாண்டி டெல்லி வரை வந்தது. அந்த வான்வழியில் பறந்த விமானங்களைச் சோதிப்பதற்காக ஏர் இந்தியா சில சேவைகளை ரத்து செய்தது.

வானம் பளிச்சென்றிருக்க, எதற்கு ரத்து என்று கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் சத்தம் போடுபவர்களைப் பார்க்கலாம். அடுப்புச் சாம்பல் மாதிரி இதை நினைத்துவிடக் கூடாது. பொடிந்த பாறையும் கண்ணாடியும்தான் இது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகும்; ஜெட் இன்ஜினின் உட்பகுதியில் சூடு அதைவிட அதிகம். உள்ளே போன தூள் உருகி, டர்பைன் தகடுகளில் ஒட்டி இறுகி, காற்றோட்டத்தை அடைத்துவிடும். ஈரமில்லாத நுண்தூள் என்பதால் விமானத்தின் வானிலை ரேடாரில் அது தெரிவதும் இல்லை. 1982 ஜூனில் கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்து நான்கு இன்ஜின்களும் நின்றுபோய் இறங்க ஆரம்பித்தது. கீழே வந்த பிறகே இன்ஜின்கள் மறுபடி பிடித்தன. முன் கண்ணாடி உரசி மங்கிப்போன நிலையில் விமானிகள் ஜகார்த்தாவில் தரையிறக்கினார்கள். அடுத்த மாதமே அதே எரிமலையின் சாம்பலில் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747-ம் மாட்டியது. இதெல்லாம் தெரிந்தால் சத்தம் போடத் தோன்றாது.

இனி பணம் போகும் இடத்துக்கு வருவோம். பாலி டிக்கெட்டுக்கு ஒரு பிஎன்ஆர் (முன்பதிவு எண்), திருச்சி டிக்கெட்டுக்கு வேறொரு பிஎன்ஆர். டென்பசாரில் நீங்கள் மாட்டிக்கொண்டால் பாலி விமான நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது வேறு நாளில் இடம் தரும். திருச்சி விமானத்துக்கு அது பொறுப்பில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: போகிற விமானத்தில் ஏறாமல் விட்டால் பல நிறுவனங்களில் வருகிற டிக்கெட்டும் தானாகவே ரத்தாகிவிடும். அதனால் தவறப்போவது உறுதியென்று தெரிந்தவுடனே, விமானம் கிளம்பும் முன்பாகவே, அழைத்துத் தேதியை மாற்றுங்கள். ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் ஏஜென்டைத்தான் பிடிக்க வேண்டும்.

காப்புறுதியை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். எரிமலை வெடித்த செய்தி வந்த பிறகு எடுத்தால் அந்த வெடிப்புக்கு அது பொதுவாகச் செல்லாது. ரத்துக்குக் காரணம் சாம்பல் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டல், சாப்பாடு, டாக்சி ரசீதுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பாலியிலிருந்து தரைவழியாகத் தப்பிக்க ஒரு வழி உண்டு. கிலிமானுக் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறி ஜாவா போய், பேருந்தில் சுராபாயா நகரம், அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர். நாள் முழுக்க ஆகும். காற்று மேற்கே அடித்தால் சுராபாயா விமான நிலையமும் மூடப்படலாம் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது நேரடி விமானம் கிடைக்காவிட்டால் திருச்சி–கோலாலம்பூர் விமானம், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பேருந்து. வயதானவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

காது குத்துக்குப் போகும் தாய்மாமன் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம். குழந்தையை மடியில் வைக்க நீங்கள்தான் வேண்டும், முகூர்த்தம் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

காகிதங்களிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) வைத்திருப்பவர்கள் மறுநுழைவு அனுமதி முடியும் தேதியையும், சிங்கப்பூர்க் கடப்பிதழ்காரர்கள் இந்திய விசா முடியும் தேதியையும் திரும்பும் நாளோடு ஒட்டி வைக்காதீர்கள். திரும்பும் தேதி மாறினால் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்திலும் தேதியை மாற்ற வேண்டும்; வந்து சேரும் நாளையும் சேர்த்து, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அது சமர்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கூடுதலாக ஒரு வாரத்துக்குக் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் செய்த பெட்டிக்குள் போய்விட்டால், விமானம் தாமதமாகும்போது அது உடனே கைக்கு வராது.

கிளம்பும் அன்று பார்க்க வேண்டியவை இரண்டு: விமான நிறுவனத்தின் செயலி, டார்வின் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையத்தின் அறிவிப்பு. இந்தோனேசிய எரிமலைகளின் சாம்பல் எங்கே, எந்த உயரத்தில் நகர்கிறது என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்வது அந்த மையம்தான். வாட்ஸப்பில் சுற்றும் வீடியோ எந்த வருஷத்து வெடிப்பு என்று யாருக்கும் தெரியாது.

ஊரில் வேன் பிடித்து, பாட்டியையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்ப விடியற்காலையிலேயே தயாராக இருப்பார்கள். சாங்கியில் விமானத்துக்குள் உட்கார்ந்த பிறகு ஒரு மெசேஜ் போடுகிறோம், அதுவரை வேன் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பறக்க நாலு மணி நேரம் ஆகும். புதுக்கோட்டையிலிருந்து வர அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.