டைப்ஸ்கிரிப்டில் ரன்டைம் டைப் சோதனை: ‘ஆஸ்’ போட்டால் போதாது

ஜாவாஸ்கிரிப்டோடு டைப்புகளைச் சேர்த்துத் தரும் டைப்ஸ்கிரிப்டைக் கற்ற புதிதில் பலரும் இதைச் செய்திருப்போம். யூசர் என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதிவிட்டு, கைக்கு வந்த ஆப்ஜெக்ட் அந்த வகைதானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் கேட்பது. கம்பைலர் உடனே முறைக்கும். இன்டர்ஃபேஸ், டைப் அலையஸ் எல்லாம் கம்பைல் ஆனதும் சுவடு தெரியாமல் மறைந்துவிடும். ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட், அதற்கு உங்கள் யூசர் யாரென்றே தெரியாது.

‘இது இந்த டைப்தான், நம்பு’ என்று சொல்லும் ‘ஆஸ்’ (as) போடுவதும் சோதனை ஆகாது, கம்பைலரின் வாயை அடைப்பதுதான். நான் இதில் நன்றாகவே மாட்டியிருக்கிறேன்: சர்வரிலிருந்து வந்த ஜேசனை (JSON, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) ‘ஆஸ் ஆர்டர்’ என்று மாற்றிவிட்டேன், ஆர்டரில் தேதிக்கு டேட் என்று டைப் கொடுத்திருந்தேன். ஜேசனில் டேட் என்ற வகையே கிடையாது, வந்தது ஸ்ட்ரிங். எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, ஆனால் சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபைலில் ‘கெட்டைம் ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்று வெடித்தது, அங்கிருந்து பின்னோக்கித் தேடி வருவதற்குள் பாதி ராத்திரி போய்விட்டது.

சரி, ஓடும்போது கையில் என்ன மிஞ்சுகிறது? ஸ்ட்ரிங், நம்பர், பூலியன் போன்றவற்றுக்கு டைப்ஆஃப் போதும். ஆனால் அது நல்லுக்கும் (null, ‘மதிப்பு இல்லை’) ‘ஆப்ஜெக்ட்’ என்றே சொல்லும் (ஜாவாஸ்கிரிப்டின் ஆரம்பகாலப் பிழை, இனி மாற்ற மாட்டார்கள்), அர்ரேக்கும் அதே பதில்தான். அதனால் நல்லைத் தனியாகப் பாருங்கள், அர்ரேக்கு அர்ரே.இஸ்அர்ரே. இன்ஸ்டன்ஸ்ஆஃப் கிளாஸ்களுக்கு மட்டும், அதுவும் நியூ போட்டு உருவாக்கியவற்றுக்கு, ஜேசன்.பார்ஸிலிருந்து வந்த ஆப்ஜெக்ட் உங்கள் கிளாஸின் எல்லா ஃபீல்டையும் வைத்திருந்தாலும் ஃபால்ஸ்தான் வரும்.

வெளியிலிருந்து வரும் தரவுக்கு நான் செய்வது இது. முதலில் அதற்கு எதையும் சோதிக்காத ‘எனி’ (any) வேண்டாம், ‘அன்நோன்’ (unknown) என்று டைப் கொடுங்கள். இந்த அன்நோன் 2018-இல் டைப்ஸ்கிரிப்ட் 3.0 பதிப்பில் வந்தது, சோதிக்காமல் எந்த ஃபீல்டையும் தொட விடாது. அப்புறம் ஒரு கார்டு (guard) ஃபங்ஷன், அதாவது டைப்பைச் சோதித்துச் சொல்லும் ஃபங்ஷன்: பெயர் இஸ்யூசர், திருப்பித் தரும் டைப்பில் பூலியன் என்று எழுதாமல் ‘மதிப்பு இஸ் யூசர்’ என்று எழுத வேண்டும். உள்ளே வரிசையாக, டைப்ஆஃப் ஆப்ஜெக்ட்டா, நல் இல்லையா, ‘இன்’ ஆபரேட்டர் போட்டால் பெயர் என்ற ஃபீல்டு இருக்கிறதா, அது ஸ்ட்ரிங்தானா. 4.9-க்கு முந்தைய பதிப்பில் இந்த ‘இன்’ சோதனைக்குப் பிறகும் ஃபீல்டைத் தொட முடியாமல் ஆஸ் தேவைப்படும், முடிந்தால் பதிப்பை ஏற்றிவிடுங்கள். இஃப்புக்குள் இந்த ஃபங்ஷனை அழைத்தால் அந்த பிளாக் முழுக்க மதிப்பு யூசராகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கார்டுக்குள் வெறும் ‘ரிட்டர்ன் ட்ரூ’ எழுதினாலும் கம்பைலர் நம்பிவிடும். இன்டர்ஃபேஸில் புது ஃபீல்டு சேர்த்துவிட்டு கார்டை மறந்தால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஃபீல்டுகள் பத்தைத் தாண்டினால் கையால் எழுதாமல் ஸாட் (Zod) மாதிரி சோதனை லைப்ரரிக்குப் போய்விடுங்கள், ஸ்கீமாவை (தரவின் வடிவ விவரத்தை) ஒருமுறை எழுதி டைப்பை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தரவின் வடிவம் உங்கள் கையில் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் ‘கைண்ட்’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, வகைக்கு ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரிங்கையே அதன் டைப்பாகக் கொடுத்து ஸ்விட்ச் போடுங்கள், டிஃபால்டில் மதிப்பை ‘நெவர்’ (never, எந்த மதிப்பும் ஏற்காத டைப்) வேரியபிளுக்குக் கொடுங்கள். நாளைக்குப் புது வகை சேர்த்து, அதற்கு கேஸ் எழுத மறந்தால் கம்பைல் ஆகாது.

கேட்ச்சில் வரும் பிழையும் வெளியிலிருந்து வந்ததுதான். யாரோ வெறும் ஸ்ட்ரிங்கைக்கூட த்ரோ செய்திருக்கலாம், மெசேஜைத் தொடும் முன் இன்ஸ்டன்ஸ்ஆஃப் எரர் என்று பார்த்துவிடுங்கள். கம்பைலர் அமைப்பில் ஸ்ட்ரிக்ட் (strict) போட்டிருந்தால் 4.4 பதிப்பு முதல் கம்பைலரே இதைக் கேட்கும், எரிச்சலில் அங்கேயும் ‘ஆஸ் எனி’ போட்டுவிடாதீர்கள்.