வாடைக்கு முன் கூரை: வேடர் குடியிருப்புகளில் வீடு திருத்தப் போகும் குழுக்களுக்கு

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கத்திலும் வாழும் கரையோர வேடர் குடும்பங்களுக்கு வீட்டு வேலை செய்து கொடுக்கத் தேவாலயக் குழுக்களும் இளைஞர் கழகங்களும் புறப்படுவதுண்டு. பத்துப் பேரும் ஒரு கிழமையும்தான் கையில் இருக்கிறதென்றால் புதுவீடு தொடங்காதீர்கள். அத்திவாரம், கட்டு, பூச்சு எல்லாவற்றுக்கும் இறுக நாள் வேண்டும். கிழமை முடிய அரைச்சுவர்தான் நிற்கும், மிச்சச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். அந்த ஆட்களைக் கொண்டு ஒன்றிரண்டு பழைய கூரைகளை ஒழுங்காக மாற்றலாம்.

வேலை செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். ஒக்டோபரில் வாடை மழை தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பர் புயல் மாதங்கள்: 1964, 2000, 2020 ஆகிய மூன்று வருடப் புயல்களும் திருகோணமலைக் கரையைத் தொட்டது டிசம்பரில்தான். ஜூன், ஜூலையில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். அந்த நாட்களில் கூரைத் தகடு ஏற்றும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பின்னேரக் காற்றில் எட்டடித் தகட்டைப் பிடித்தபடி ஏணியில் நிற்பது ஆபத்து.

போவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதென்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு இருந்து எந்த வீடு முதலில் என்று அவர்களையே முடிவெடுக்க விடுங்கள். கடலுக்கும் தேனுக்கும் போகும் நாட்களைத் தவிர்த்துத் திகதி வையுங்கள். வீட்டுக்காரர் இல்லாமல் கட்டிய கூரையைப் பிறகு திருத்த அவருக்குத் தெரியாது. சடங்கு செய்யும் இடத்தையும் மரத்தையும் கேட்காமல் தொடவே கூடாது. ஜெபக் கூட்டத்துக்கு வருவோருக்குத்தான் தகடு என்ற எண்ணம் துளியும் எழக்கூடாது. ஊரிலேயே ஒரு மேசனையும் ஒரு தச்சரையும் கூலிக்குப் பிடியுங்கள். தொண்டர் கைக்கு ஏற்றது சுமப்பது, குழைப்பது, பிடிப்பது.

இனிக் கூரை. 20 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள வீட்டுக்கு முகடு சுவர் மட்டத்திலிருந்து 3½ அடி உயர்ந்தால் சாய்வு 30 பாகை வரும். இதிலும் தட்டையாக விட்டால் காற்று தகட்டை மேலே உறிஞ்சும். எட்டடித் தகடு சரியாகப் பொருந்தி, தாவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) ஒரு அடி வெளியே நிற்கும். நீளப்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு அடி விட்டால் 22 அடி. மேவல் (ஒரு தகடு மற்றதன்மேல் ஏறும் பகுதி) கழிய ஒரு தகடு 2½ அடி மூடினால் பக்கத்துக்கு 9, மொத்தம் 18. சேதத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள். எட்டடி முகட்டுத் தகடு மூன்று போதும். மேவல் ஒன்றரை நெளி, மேலே ஏறும் தகட்டின் விளிம்பு காற்று வரும் பக்கத்தைப் பார்க்காதபடி.

ஆணி மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் நிற்கும். சலாகை என்பது தகட்டைத் தாங்கும் குறுக்கு மரம்: முகட்டுச் சலாகையிலும் தாவாரச் சலாகையிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, நடுவில் இரண்டு விட்டு ஒன்று. றப்பர் வோஷர் நசியாமல் பிடிக்குமளவு இறுக்கம் போதும். கடலோரம் என்பதால் துத்தநாகம் பூசிய ஆணியே வாங்குங்கள். மற்றவை சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

தகடு பறப்பது ஆணியால் மட்டுமல்ல. சலாகையும் கைமரமும் (முகட்டிலிருந்து சரியும் மரம்) வளையோடு (சுவர்மேல் கிடக்கும் மரம்) சேர்ந்து எழும்புவதாலும்தான். ஆகவே சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தை வளையோடும், வளையைத் தூணோடும் தடித்த கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். மூன்றில் ஒரு கட்டு விடுபட்டாலும் மற்ற இரண்டும் வீண். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பும், ஆகவே இருபக்கமும் ஒரே பலத்தில் கட்டுங்கள். தூண் 3 அடி ஆழத்தில் நிற்கட்டும். மூலைகளில் குறுக்குச் சட்டம் அவசியம். திண்ணைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாக இழுக்காமல் தனியாகப் போடுங்கள். காற்று அதைக் கொண்டுபோனாலும் வீட்டுக் கூரை மிஞ்சும்.

மரத்தைக் காட்டில் வெட்டிவரும்படி ஊராரிடம் சொல்லாதீர்கள், வழக்கு அவர்கள்மேல்தான் வரும். கடையில் வாங்கி, பற்றுச்சீட்டையும் ஏற்றிச்செல்லும் அனுமதியையும் கையில் வைத்திருங்கள்.

மண்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு உதவாது. உள்ளே ஈரம் அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். நறுக்கிய வைக்கோல் கலந்த களிமண்ணை இரண்டு நாள் ஊறவிட்டு மிதித்து, சுவரை நனைத்த பிறகு இரண்டு தடவை பூசுங்கள். சுவரடி கரைவதுதான் பெரிய நோவு, அதற்கு வெள்ளம் வந்த மட்டத்தைக் கேட்டறிந்து அதற்கு மேலாகத் திண்டை உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால் வெட்டுங்கள். கொங்கிறீற்றுக்குச் சீமெந்து, மணல், கல் 1:2:4, சுவர்க் கட்டுக்குச் சீமெந்து, மணல் 1:5; மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணல் கம்பியை அரித்துவிடும். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், உவர்த்தால் பவுசர் (தண்ணீர் வண்டி) தண்ணீர்தான்.

கிளம்பும்போது ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஒரு கிலோ ஆணி, மிஞ்சிய கம்பி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். மரம் காயக் காயக் கட்டு தளரும். செப்டெம்பர் கடைசியில் வீட்டுக்காரரே ஏறி ஒவ்வொரு முறுக்கையும் திரும்ப இறுக்க வேண்டும்.