நெடுநாள் நிறுத்திவைத்த பழைய காரை விற்பது எப்படி?

புதுப்பித்த கார் வேறு, ஓட்டத் தயாரான கார் வேறு. பல ஆண்டுகளுக்கு முன் டிங்கரிங், பெயின்டிங், என்ஜின் வேலை எல்லாம் முடித்து, உறை போட்டு நிறுத்திய கார் இன்றும் பளபளக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பரும் பெட்ரோலும் பிரேக் ஆயிலும் அத்தனை நாளும் கெட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆகவே எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது, கடைசியாக எந்த ஆண்டு ஓடியது, மறுபடி சாலைக்கு வர என்னென்ன வேலை பாக்கி என்ற மூன்றையும் விளம்பரத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு முறையாவது ஸ்டார்ட் செய்து காட்டினால் நல்ல விலை கிடைக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து புது பேட்டரியை மாட்டிய கையோடு சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நெடுநாள் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவர்களிலிருந்த ஆயில் வடிந்து, மெல்லிய துரு படிந்திருக்கலாம். அந்த நிலையில் பிஸ்டன் வேகமாக ஏறி இறங்கினால், செலவழித்துச் செய்த என்ஜின் வேலை சில நொடிகளில் வீணாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது என்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டபின், என்ஜினின் முன்புறம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். தடையின்றிச் சுற்றினால், ‘என்ஜின் கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்யப்படவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும்.

காரை மறுபடி ஓடவைக்கும் மறுஇயக்க வேலையைச் செய்வதானால் முழுவதுமாகச் செய்யுங்கள், இல்லையென்றால் தொடாமலே விற்றுவிடுங்கள். அரைகுறை வேலைக்குப் போட்ட பணம் திரும்ப வராது, வாங்குபவர் எப்படியும் அதைப் பிரித்து முதலிலிருந்து செய்வார் என்பதே என் கருத்து. பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். பெட்ரோல் ஆவியான இடத்தில் பழுப்பு நிறப் பிசின் கெட்டியாக ஒட்டியிருக்கும், வார்னிஷ் போன்ற புளித்த வாடை வீசும், பெட்ரோல் பாயும், ஊசி நுனி அளவுள்ள ஜெட் துளை அடைபட்டிருக்கும். இதைச் சுத்தம் செய்துவிட்டுத் துருப்பிடித்த டேங்கையும் வெடித்த ரப்பர் குழாய்களையும் அப்படியே விட்டால் ஜெட் மீண்டும் அடைபடுவது மட்டுமல்ல, குழாயில் கசியும் பெட்ரோல் தீப்பிடிக்கவும் கூடும்.

பிரேக்கில் சமரசமே கூடாது. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அதனால் அதன் கொதிநிலை குறையும், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரும் சக்கரங்களில் உள்ள வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடிக்கும். பெடல் காலுக்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் அதை நம்பி யாரையும் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள். டயரில் பட்டன் ஆழமாக இருப்பதும் அப்படித்தான் ஏமாற்றும். பக்கவாட்டில் 2312 என்று நான்கு இலக்கங்கள் இருந்தால், அது 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரான டயர்; புதிது போலத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கிளட்ச் பிளேட், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது மின்னும் பக்கத்தை மட்டும் எடுக்காமல், அடிப்பாகம், கார்பெட்டைத் தூக்கிய தரைத்தகடு, டிக்கியின் அடி, கதவுகளின் கீழ்விளிம்பு ஆகியவற்றையும் எடுங்கள். பெயின்ட்டில் கொப்புளம் இருந்தால் கிட்டத்தில் வைத்தே எடுங்கள். புதுப்பித்த காலத்தில் எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால் அவைதான் பெரிய சொத்து. எங்கே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள், எங்கே பட்டி மட்டும் பூசினார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று இல்லை. சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பதிவு ஆவணத்தோடு நீங்களே ஒப்பிட்டு, மாறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றிவைத்த அசல் உதிரிபாகங்களைக் காரோடு சேர்த்துக் கொடுங்கள். அவற்றைத் தேடி அலைவது எவ்வளவு சிரமம் என்பது புதுப்பித்தவருக்குத் தெரியும்.

விலையைப் புதுப்பித்த செலவிலிருந்து கணக்கிடாதீர்கள். இதே மாடல் ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, மறுஇயக்கச் செலவுக்கு ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கிய மதிப்பீட்டை அதில் கழித்து, பிரித்த பிறகே தெரியவரும் பழுதுகளுக்காக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் தெரிந்த குறைகளைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். காரை ஓட்டி அனுப்பாமல் டிரெய்லரில் ஏற்றி அனுப்புங்கள். டிரெய்லர் வரும் நாளுக்கு முன்பே காரின் நான்கு சக்கரங்களும் உருள்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிரேக் ஷூ டிரம்மோடு பிடித்துக்கொண்டிருந்தால் அதை விடுவித்து, அதன்பின் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்துங்கள்.